செல்லம்மாள் காட்டு டைக்

ஜியாலஜி படித்தவன் என்று பெரம்பலூர்ப் பக்கம் வாய் திறந்தால் போதும், கையில் தேங்காயைக் கொடுத்து நீரோட்டம் பார்க்கச் சொல்லிவிடுவார்கள். நான் பார்த்தது பாறையின் வயது. அது என்ன வேலை என்று யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை, என் வீடு உட்பட.

1. புதுக் கிணறு

பெரம்பலூரில் கிடப்பது நைஸ் என்று நாங்கள் சொல்லும் மிகப் பழைய வரிப்பாறை. கிழக்கே அரியலூரில் இருப்பது கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். இந்தியா, ஒட்டிக்கொண்டிருந்த கண்டங்களை விட்டுப் பிரிந்தபோது இங்கே நிலம் இறங்கிக் கடல் உள்ளே வந்தது. அந்தப் பிரிவு எப்போது தொடங்கியது என்பதுதான் என் ஆராய்ச்சி. பூமி விரியும்போது வெடிப்புக்குள் தீக்குழம்பு ஏறிச் சுவராக இறுகும். அதற்கு டைக் என்று பெயர். சரியான டைக் ஒன்றின் வயது தெரிந்தால் என் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். ஆனால் வெயிலும் மழையும் தின்ற கல் வயது கணிக்க ஆகாது, பூமிக்கடியில் கெடாமல் இருக்கும் கல் வேண்டும். அதனால் எங்கே புதிதாகக் கிணறு வெட்டுகிறார்கள் என்று விசாரித்துப் போவது என் வழக்கம்.

அப்படிப் போனதுதான் செல்லம்மாள் என்பவரின் காடு, மழையை நம்பிய புஞ்சை நிலம். கிணற்று மேடு முழுக்க நான் தேடிய டைக் கருங்கல் குவிந்து கிடந்தது. சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"தண்ணி பாக்க வந்தீங்களா சார்?" என்றார் செல்லம்மாள்.

"இல்லம்மா, இந்தக் கல்லுக்கு வயசு பாக்கணும்."

"ஏன், அதுக்குக் கல்யாணம் பண்ணி வக்கப் போறீங்களா? தண்ணி வருமா, அதச் சொல்லுங்க. இந்த வருசமும் வெங்காயம் போடலன்னா பசங்க காட்ட வித்துருவானுவ. வூட்டுக்காரரு போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்."

இறங்கிப் பார்த்தேன். அடிவரை ஒரே கல், ஒரு கீறல்கூட இல்லை. மேற்கு வரப்புக்கு அப்பால் அவருடைய கொழுந்தனார் கிணற்றிலோ தண்ணீர் நின்றது. விஷயம் புரிந்துவிட்டது. மேற்கிலிருந்து பூமிக்கடியில் வரும் தண்ணீரை இந்த டைக் மறித்து நிறுத்துகிறது. செல்லம்மாளின் ஒடுங்கிய காடு முழுவதும் அந்த டைக்கின் மேலேயே கிடந்தது.

"இதுக்கு மேல ஆழம் பண்ணாதீங்கம்மா, வராது. இந்தக் கல்லு அணை கட்டுன மாதிரி தண்ணிய அந்தப் பக்கமே புடிச்சு வச்சிருக்கு."

அவர் மேற்கே பார்த்தார். "கல்லுகூட அவுரு பக்கந்தானா?" என்றார்.

நான் சொன்னது உண்மை. ஆனாலும் அதைச் சொல்லிவிட்டு ஒரு சாக்குக் கல்லையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

2. இரண்டாவது சாம்பிள்

லேபிலிருந்து வந்த வயது நான் எதிர்பார்த்த பத்துப் பதினைந்து கோடி வருஷம் இல்லை. இருநூறு கோடி வருஷத்துக்கும் மேல். கண்டங்கள் பிரிந்ததற்கும் அந்த டைக்குக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பல வருஷ உழைப்பு மண்ணாகப் போனது. கட்டுரையைப் பரிசீலித்தவர்கள், ஒரே சாம்பிளை நம்பி எழுதாதே, இன்னொன்றும் எடுத்துப் பார் என்றார்கள். எனக்கும் ஒரு நப்பாசை இருந்ததால் மறுபடி போனேன்.

காட்டைக் காணவில்லை. கிணறு இருந்த இடத்தில் குவாரிப் பள்ளம், கரையில் கிரஷர். முகமெல்லாம் தூசியோடு ஒரு பெண், புழுதி அடங்குவதற்காக ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். கிட்டே போன பிறகுதான் அது செல்லம்மாள் என்று தெரிந்தது.

"நீங்க சொன்னதும் வெட்டுறத நிறுத்திட்டேன் சார். பசங்க வித்துட்டானுவ."

"இந்தத் தண்ணி ஏதும்மா?"

"பள்ளத்துல ஊறுது. கொழுந்தனாரு கெணத்துத் தண்ணிதான். குறுக்க நின்ன கல்ல ஒடச்சதும் எல்லாம் இந்தப் பக்கம் வந்துருச்சு. அவுரு கெணறு வத்திப்போயி வெங்காயம் பூராவும் காஞ்சிருச்சு. பாவம், அவுரும் இப்ப குவாரிக்கே குடுத்துடலாமான்னு பாக்குறாரு."

பள்ளத்துச் சுவரில் சாம்பிள் எடுத்துக்கொண்டு ஏறி வந்தேன்.

"வயசு தெரிஞ்சுதா சார்?"

"இருநூறு கோடி வருசத்துக்கு மேல ஆவுதும்மா."

ஹோஸைக் கீழே தாழ்த்திப் பிடித்துக்கொண்டு பள்ளத்தையே பார்த்தார். "அத்தன கோடி வருசம் நின்னுச்சு. இன்னும் ஒரு இருவது வருசம் நின்னுருந்தா, நான் பாட்டுக்குப் போய்ச் சேந்துருப்பனே."

இரண்டாவது சாம்பிளும் அதே வயதைத்தான் சொன்னது. கட்டுரை அச்சாகிவிட்டது.

இத்துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கல்லில் சுத்தியல் வைப்பதற்கு முன்னால் அது யாருடைய காட்டில் நிற்கிறது, அவர்களுக்கு அதனால் என்ன ஆகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாம் எழுதும் வயதுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறி போட்டு, பிழை இத்தனை லட்சம் வருஷம் என்று எழுதுவோம். அந்த அம்மாள் கேட்ட இருபது வருஷம் அதற்குள் எந்த மூலையில் கிடக்கிறது என்று எந்த மெஷினாலும் காட்ட முடியாது.