சரசு அக்காவின் புத்தகத்தை நாங்கள் படித்த விதம்

மைக்கைப் பிடித்து அந்த யோசனையைச் சொன்னவன் நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எழுதிக்கொண்டே போகையில் யாரோ சொன்ன மாதிரி மழுப்பிவிடுவேன்.

பிள்ளைகளே, நான் மூன்றாம் படிவம் வரை படித்தவன். ஈப்போவில் ஓர் அச்சகத்தில் வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், நினைவு அட்டை எல்லாம் கணினியில் அமைப்பேன். சில வருடங்களாக மின்னூலும் செய்து கொடுக்கிறோம். சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்கள் வருவார்கள். அவர்களுடைய எழுத்தைச் சீராக்கி, அட்டை வைத்து, வெளிநாட்டுக் கம்பெனியின் தளத்தில் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. நீங்களும் நாளைக்கு எழுதுவீர்கள். அதனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாதியில் இறங்கினால் பாதிக் காசு

சரசு அக்கா சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சமைப்பவர். அங்கே சாப்பிட வரும் பிள்ளைகளை வைத்தே கதைகள் செய்திருந்தார். கைப்பேசியில் பேசிப் பேசி அதையே எழுத்தாக்கி, வாட்சாப்பில் எனக்கு அனுப்பினார். நான் வெட்டி ஒட்டினேன். எழுத்துரு சரியா, பக்கம் சரியாக உடைகிறதா என்று பார்த்தேன். கதையைப் பார்க்கவில்லை.

அச்சடிக்க அவரிடம் வசதி இல்லை. எங்கள் முதலாளி கருணா அண்ணன்தான் இரவல் திட்டத்தைச் சொன்னார்.

“அச்சடிச்சா கட்டுக் கட்டா வீட்டுல கிடக்கும்லா. இது வாடகை சைக்கிள் மாதிரிக்கா. மாசச் சந்தா கட்டுனவங்க எந்தப் புக்கு வேணும்னாலும் இரவல் எடுப்பாங்க. எத்தனை பக்கம் படிக்கிறாங்களோ அத்தனைக்குத்தான் உங்களுக்குக் காசு.”

“பாதியில இறங்கிட்டாங்கன்னா?”

“பாதிக் காசு.”

“அது நியாயந்தான். சோத்தைப் பாதியில வெச்சிட்டு ஓடுற பிள்ளைங்களையும்தான் நான் தெனம் பாக்கிறேன்,” என்றார் அக்கா.

காசு என்றால் பெரிய காசில்லை. சந்தாப் பணத்தில் ஒரு பகுதியைப் பெரிய சட்டியில் போட்ட மாதிரி வைத்து, உலகம் முழுக்கப் படிக்கப்பட்ட பக்கங்களுக்கு ஏற்ப எழுத்தாளர்களுக்குப் பங்கு பிரிப்பார்கள். ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது ஒரு சென் காசுகூடத் தேறாது. ஒருவர் முழுப் புத்தகத்தையும் படித்து முடித்தாலும் கடையில் ஒரு கிளாஸ் தே தாரிக் வாங்கிக் குடிக்க முடியாது. புத்தகத்தைத் திட்டத்தில் வைத்திருக்கும்வரை வேறெங்கும் மின்னூலாகக் கொடுக்கவும் கூடாது.

எழுதியவருக்கு ஒரு வரைபடம் மட்டும் தெரியும். இன்றைக்கு எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று அது காட்டும். யார் என்று காட்டாது. அக்காவுக்கு முதலில் ஒன்றுமே எழவில்லை. பிறகு ஒரு நாள் சின்னதாக ஒரு கோடு எழுந்தது. மறுநாளும் எழுந்தது. யாரோ ஒருவர் நாளுக்குக் கொஞ்சமாகப் படித்துக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் அக்கா எனக்குப் போன் செய்வார்.

“இன்னைக்கு வந்தாங்களா தம்பி?”

“வந்தாங்கக்கா.”

“எதுவரைக்கும்?”

ஒரே ஆள் என்பதால் பக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் எந்தக் கதையில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். “வாழைமரக் கதை முடிஞ்சிருச்சுக்கா,” என்பேன். “அப்ப சிரிச்சிருப்பாங்க,” என்பார்.

அந்த ஆள் கடைசிக் கதையின் வாசலுக்கு வந்தபோது அக்காவுக்குக் கவலை வந்துவிட்டது.

“அந்தக் கதையிலதான் எனக்குச் சந்தேகம். அந்தப் பொண்ணு செஞ்சது சரியா தப்பான்னு இன்னும் எனக்கே புரியல. நீ என்ன நினைக்கிற தம்பி?”

நான் அந்தக் கதையைப் படித்திருக்கவில்லை. “நல்லா இருக்குக்கா,” என்றேன்.

புத்தகம் இல்லாத வெளியீடு

அக்காவின் பெற்றோர் பால் வெட்டிய ரப்பர்த் தோட்டம் இப்போது வரிசை வீடுகள் எழும்பி டாமானாகிவிட்டது. ஆனால் அங்கிருந்த குடும்பங்களுக்குள் ஒட்டுறவு விட்டுப்போகவில்லை. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் கூப்பிடாமலே வந்து கை கொடுப்பார்கள், மொய் வைப்பார்கள். அக்கா புத்தகம் போட்டிருக்கிறார் என்றதும் கோயில் மண்டபத்தில் வெளியீட்டு விழா வைத்துவிட்டார்கள்.

நம் பக்கத்து வெளியீடு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொருவராக மேடை ஏறி, பணம் வைத்த அங்பாவ் உறையைக் கொடுத்து, புத்தகத்தை வாங்கி, படம் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். புத்தகம் பைக்குள் போகும். பெரும்பாலும் அதோடு சரி.

அன்றைக்குக் கையில் வாங்கப் புத்தகமே இல்லை. உறையோடு வந்தவர்கள் முழித்தார்கள். லாரி ஓட்டும் மணியம் முன்வரிசையிலிருந்து கேட்டான்.

“புக்கு எங்கடா? மாப்பிள்ள இல்லாம கல்யாணம் வெச்ச மாதிரி இருக்கு.”

மண்டபமே சிரித்தது. எனக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. மைக்கை வாங்கினேன். முதல் மாதம் சந்தா இலவசம் என்றேன். கைப்பேசியில் எங்கே தட்ட வேண்டும் என்று காட்டினேன். பிறகு சொன்னேன்: “படிக்க நேரம் இல்லன்னாலும் பரவால்ல. கடைசிப் பக்கம் வரைக்கும் தள்ளிக்கிட்டே போங்க. அதுதான் நம்ம அக்காவுக்கு மொய்.”

அக்கா அப்போது பின்கட்டில் இருந்தார். தன் விழாவுக்கும் அவரேதான் சமையல். அடுப்புச் சத்தத்தில் நான் பேசியது அவருக்குக் கேட்கவில்லை.

எல்லாரும் தள்ளினார்கள். ஒரு கையில் வடை, மறு கையில் பக்கம். பெரியவர்களுக்கு வேகம் வரவில்லை என்று பிள்ளைகளிடம் போனைக் கொடுத்தார்கள். “யாரு முதல்ல முடிக்கிறா பாப்போம்,” என்று மைக்கில் போட்டியே நடத்தினேன். என் மகன் இரண்டாவதாக வந்தான். நான் கைதட்டினேன்.

எந்தப் பொண்ணு?

மறுநாள் வரைபடம் சுவர் மாதிரி நின்றது. அக்கா போன் செய்யவில்லை, பஸ் ஏறி நேராகக் கடைக்கே வந்துவிட்டார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“ஒரே நாள்ல இத்தனை பேரு படிச்சிருக்காங்களா?”

“ஆமாக்கா.”

கருணா அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு இயந்திரத்துக்குத் தாள் போடப் போய்விட்டார்.

அக்கா டாமானில் வீடு வீடாகப் போய் அந்தக் கடைசிக் கதையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் வந்தபோது முகம் குழம்பியிருந்தது.

“எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. மேல கேட்டா சிரிக்கிறாங்க. மணியத்துகிட்ட, அந்தப் பொண்ணு செஞ்சது சரியாடான்னு கேட்டேன். ‘எந்தப் பொண்ணுக்கா, கல்யாணம் ஆயிருச்சா’ங்கிறான்.”

நான் தலையைக் குனிந்து கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரு பக்கத்தில் கண் நிற்கும் நேரம்கூட இல்லாமல் புரட்டியிருப்பதால் இதைப் படித்ததாக ஏற்க முடியாது, எழுத்தாளரின் கணக்கை மூடுகிறோம், இனி அவர் பெயரில் எந்தப் புத்தகத்தையும் ஏற்ற முடியாது என்று இருந்தது. அக்காவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நான்தான் சொல்ல வேண்டும்.

“கம்பெனியில ஏதோ கோளாறுக்கா,” என்றேன்.

“அப்ப எழுதிக் கேளு. நான் என்ன தப்பு செஞ்சேன்னு கேளு. சமைக்கிறவ எழுதுனா ஒத்துக்க மாட்டாங்களா?”

கருணா அண்ணன் இயந்திரத்தை நிறுத்தினார். “நீ சொல்றியா, நான் சொல்லட்டா?” என்றார்.

நான் சொன்னேன். மைக், மொய், போட்டி, எல்லாம். நாங்கள் தள்ளிய பக்கங்கள் வேறெங்கோ உட்கார்ந்து எழுதும் ஒருவரின் பங்கிலிருந்தும் எடுக்கப் பார்த்தவைதான் என்பதையும் கருணா அண்ணன் சேர்த்துச் சொன்னார். அது அதுவரை எனக்கே உறைக்கவில்லை.

அக்கா திட்டவில்லை.

“அப்ப யாருமே படிக்கலயா?”

இல்லை என்று தலையசைத்தேன்.

“அந்த ஒருத்தரு? கடைசிக் கதைக்கு வந்திருந்தாங்களே. அவங்க படிச்சாங்களா?”

விழாவுக்கு முந்தின நாளோடு அந்தச் சின்னக் கோடு நின்றிருந்தது. அதன் பிறகு எங்கள் சுவர், சுவருக்கு அப்புறம் ஒரு கோடும் இல்லை. அதற்குள் அவர் இருந்தாரா இல்லையா என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. அதையும் சொன்னேன். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையம் பக்கமாக நடந்தார்.

சிற்றுண்டிச்சாலையில்

ஞாயிற்றுக்கிழமை நான் அந்தக் கடைசிக் கதையைப் படித்தேன். சிற்றுண்டிச்சாலையில் ஒரு பெண்பிள்ளை தினமும் ரொட்டி திருடுகிறாள், வீட்டிலிருக்கும் தம்பிக்காக. அவளுடைய கூட்டாளிக்கு அது தெரியும். ஆசிரியர் விசாரிக்கும்போது கூட்டாளி எழுந்து, “நான்தான் எடுத்தேன்,” என்று பொய் சொல்லித் திட்டு வாங்குகிறாள். கதை அங்கே முடிகிறது.

திங்கட்கிழமை ஓய்வுநேரம் முடியும் மணி அடித்துப் பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு அக்காவிடம் போனேன். அவர் மேசை துடைத்துக்கொண்டிருந்தார்.

“படிச்சேன்க்கா. அந்தப் பொண்ணு பொய் சொன்னது தப்புன்னு எனக்குத் தோணுது.”

துடைத்துக்கொண்டே, “ஏன்?” என்றார்.

“இவ பழிய ஏத்துக்கிட்டா. ஆனா வீட்டுல தம்பி பசியா இருக்கான்னு ஆசிரியருக்குத் தெரியாமலே போச்சே. நாளைக்கும் அவன் பசியாத்தானே இருப்பான்?”

அக்காவின் கை நின்றது.

“அது எனக்குத் தோணவே இல்ல,” என்றார். “நீ அப்பவே சொல்லியிருந்தா முடிவை மாத்தியிருப்பேன். இப்ப மாத்தி எங்க போடறது?”

அவர் அடுத்த மேசைக்குப் போனார்.

கம்பெனிக்கு நான் எழுதினேன். தப்பு என்னுடையது, அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று முழுதும் சொன்னேன். முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. இப்போது யார் புத்தகம் கொண்டுவந்தாலும் ஏற்றுவதற்கு முன் முழுதாகப் படிக்கிறேன். வேலை தாமதமாகிறது என்று கருணா அண்ணன் முணுமுணுப்பார், ஆனால் தடுப்பதில்லை. சொந்தக்காரர்களைத் தள்ளச் சொல்லலாமா என்று கேட்கிறவர்களிடம் சரசு அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அக்கா அதன் பிறகு கடைக்கு வரவில்லை.

அன்றைக்குப் போட்டியில் பக்கம் தள்ளிய பிள்ளைகளே, உங்கள் மேல் தப்பில்லை. தள்ளச் சொன்னவன் நான். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எழுதியவர் ஒருவர் வந்து எப்படி இருந்தது என்று உங்களைக் கேட்டால், படித்திருந்தால் நினைத்ததைச் சொல்லுங்கள். படிக்கவில்லை என்றால் இன்னும் படிக்கவில்லை என்று சொல்லுங்கள். அவர் முகம் கொஞ்சம் வாடும். பரவாயில்லை. அக்கா போனில் முதன்முதலாகக் கேட்ட அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான்.