ஜெபப் பெட்டிக்குள் போன மதிப்பெண் பட்டியல்: புதுக்கடை முதல் நாகர்கோவில் வரை

போன பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை புதுக்கடையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போய் வந்தேன். ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். சட்டம் படித்து ஐம்பத்து மூன்று சதவீதம் வாங்கிவிட்டு, அதை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் துணிச்சல் உங்களுக்கும் இருந்தால், இந்த முப்பத்தைந்து கிலோமீட்டர் உங்களுக்குப் பயன்படும்.

நான் குழித்துறையில் ஒரு வழக்கறிஞரிடம் நான்கு வருடமாக ஜூனியர். எல்லை தாண்டியதாகச் சொல்லிப் பிற நாடுகள் பிடித்து வைக்கும் படகுகளின் வழக்குகள்தான் எங்கள் அலுவலகத்தில் அதிகம். அதனால் கடல்சார் சட்டம் படிக்க ஆசை. மூன்று பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தேன். இரண்டு இடத்தில் மரியாதையாகக் கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்றாவது, வடக்கே எங்கோ குளிரில் கிடக்கும் ஒரு துறைமுக ஊர். மதிப்பெண் குறைவானவர்களும் வேலை அனுபவம் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று அவர்கள் இணையப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் இருந்தேன்.

மற்றதெல்லாம் இணையத்தில் அனுப்பினால் போதும். மதிப்பெண் பட்டியல் மட்டும் கல்லூரிக் கவரில் முத்திரையிட்டு, ஒட்டிய இடத்தின்மேல் முதல்வர் கையெழுத்துப் போட்டு, தபாலில் வர வேண்டும். பிரித்த கவர் செல்லாது. அந்தக் கவரை வியாழக்கிழமையே வாங்கி வந்து அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். பிறகு எதற்குத் திங்கட்கிழமை மறுபடியும் போனேன்? அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் சபையில் ஜெப விண்ணப்பப் பெட்டி ஒன்று உண்டு. பிள்ளையின் ஹால் டிக்கெட், வளைகுடா விசா, ஸ்கேன் ரிப்போர்ட் என்று எதற்கு ஜெபம் வேண்டுமோ அதைக் கவரில் வைத்துப் போட்டுவிடுவார்கள். வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தில் செயலாளர் அக்கா ஒவ்வொரு கவராகப் பிரித்துச் சத்தமாக வாசிப்பார், எல்லாரும் ஜெபிப்பார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அம்மா அந்தக் கவரைக் கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டார். சனிக்கிழமை காலை தோசை வார்த்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாரும் நல்லா ஜெபிச்சாவ மக்கா. ஒவ்வொரு பாடமா வாசிச்சாவ, கேட்டியா?"

"வாசிச்சாவளா? கவரப் பிரிச்சா?"

"பின்ன, பிரிக்காம எப்பிடி வாசிக்க? ஒப்பந்தச் சட்டம் நாப்பத்தாறுன்னு வாசிச்சப்ப எல்லாரும் ஆமென் சொன்னாவ."

நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக் கோழி மதில் ஏறிவிட்டது. இத்தனை வருடமாக நான் யாரிடமும் சொல்லாத நாற்பத்தாறு அது. கூட்டத்தில் நாற்பது பெண்கள். புதுக்கடைச் சந்தை முழுக்கத் தெரிய அது போதாதா? வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். கவர் அடுத்த வெள்ளிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும், சனி ஞாயிறு கல்லூரி கிடையாது. திங்கள் மாலைக்குள் புதிய கவர் கூரியரில் ஏறாவிட்டால் இந்த வருடம் போயிற்று. எங்கள் அலுவலகத்தில் ஒரு வருடம் விடுப்புக்குச் சம்மதித்ததே பெரிய காரியம், அடுத்த வருடம் கேட்க முடியாது. அம்மாவிடம் இரண்டு நாள் பேசவில்லை.

திங்கள் காலை 7.10க்குப் புதுக்கடையில் பஸ். கருங்கல், திங்கள்சந்தை வழியாக நாகர்கோவில் மீனாட்சிபுரம் நிலையத்துக்கு 8.40க்கு வந்தது. டவுன் பஸ் என்பதால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், காலை வெயில் கொஞ்சம் குறைவு.

என் பக்கத்தில் இனயம் கடற்கரையிலிருந்து வரும் ஸ்டெல்லா அக்கா வந்து உட்கார்ந்தார். எங்கள் அலுவலகத்தில் வழக்குக் கொடுத்திருக்கும் கட்சிக்காரர். கணவர் மீன்பிடிக்கப் போன படகை வேறொரு நாடு பிடித்து ஐந்து மாதம் ஆகிறது. கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போகிறார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அந்த நாட்டு நீதிமன்றம் அனுப்பியது. நானும் என் சீனியரும் பலமுறை வாசித்துவிட்டோம். ஆங்கிலம் புரிந்தது, அடுத்து என்ன செய்வது என்பதுதான் பிடிபடவில்லை.

"நீ வெளிய போய் படிக்கப் போறியாமே. இதுக்குள்ள எழுதியிருக்கது அங்க படிச்சுத் தருவாவளா?"

"தருவாவ அக்கா. அதுக்குத்தான் போறேன்."

"படிச்சிட்டு வருவியா, அங்கயே இருந்திருவியா?"

"வருவேன் அக்கா."

"வந்தா கொள்ளாம், நல்லது," என்று சொல்லி அந்தத் தாளை நான்காக மடித்து உள்ளே வைத்தார். திங்கள்சந்தை வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மீனாட்சிபுரத்திலிருந்து நான் படித்த கல்லூரிக்கு இன்னொரு டவுன் பஸ், 9 கிலோமீட்டர், 25 நிமிடம். இறங்கிப் பத்து நிமிட நடை. குடை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் 10 மணிக்குத் திறக்கிறது. முதல்வர் 12.30க்குக் கூட்டத்துக்குப் போகிறார் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது கவர் வேண்டுமானால் காரணம் எழுதித் தர வேண்டும் என்றார் கிளார்க் அண்ணன். 'கவர் தவறுதலாகச் சேதமடைந்துவிட்டது' என்று எழுதி நீட்டினேன். பழைய கவரைத் திருப்பிப் பார்த்தார்.

"சேதமா? கத்திரி வச்சு நேரா வெட்டியிருக்கு. உள்ளத எழுதுங்க. இல்லேண்ணா பிரின்சிபால் மேடம் ஒம்பது கேள்வி கேப்பாவ, மணி பன்னெண்டரை ஆயிரும்."

வேறு வழியில்லாமல் உள்ளதை எழுதினேன். பெட்டி, கத்திரிக்கோல், நாற்பது ஆமென், எல்லாம். பத்தே வரி, ஐந்து நிமிடம். முதல்வர் வாசித்தார், சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார், கேள்வி எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். 11.50க்குப் புதிய கவர் என் கையில் இருந்தது.

கல்லூரி வாசலில் ஒரு டீயும் பழபஜ்ஜியும், 25 ரூபாய். டீ ஆறுவதற்குள் போனில் என் நோக்கக் கட்டுரையைத் திறந்து பார்த்தேன். இந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறேன் என்று அவர்களுக்கு எழுத வேண்டிய கட்டுரை அது. ஒரு மாதம் உட்கார்ந்து எழுதியது, இன்னும் அனுப்பவில்லை. சிறுவயது முதல் நீதியின்மேல் எனக்குத் தாகம் என்று தொடங்குகிறது. எனக்கே கொட்டாவி வந்தது. நாற்பத்தாறு பற்றி ஒரு சொல் இல்லை. ஸ்டெல்லா அக்காவின் தாளும் இல்லை. ஒரு கவருக்காக உண்மையைப் பத்து வரியில் எழுத முடிந்த எனக்கு இதை ஏன் எழுத முடியவில்லை?

அங்கேயே அழித்துவிட்டு முதலில் தமிழில் இப்படி எழுதினேன்: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் நான். சட்டத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்றிருந்தும், கெத்துக்காக ஆங்கிலத்தில் எழுதினேன். முதல் இரண்டு வருட மதிப்பெண் அந்த வீம்புக்குக் கிடைத்த கூலி. மூன்றாம் வருடத்திலிருந்து எண்கள் ஏறுவதைப் பட்டியலில் பார்க்கலாம். இன்று பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் பையில் ஒரு தாள் இருக்கிறது, அதற்குப் பதில் எழுத எனக்குத் தெரியவில்லை, அதைக் கற்கவே வருகிறேன். இவ்வளவுதான். அன்று மாலையே ஆங்கிலத்தில் மாற்றி இணையத்தில் ஏற்றினேன்.

கூரியர் நாகர்கோவிலிலேயே போட்டேன், 2,350 ரூபாய், நான்கு வேலை நாள். மாலை 5 மணிக்கு மேல் போனால் மறுநாள் கணக்கு. நான் போனது 2.15க்கு. 6 மணிக்கு வீடு.

போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். முத்திரைக் கவர் கேட்கும்போதே இரண்டாக வாங்கிவிடுங்கள். முதல்வர் இருக்கும் நேரத்தை முந்தின நாளே போனில் கேளுங்கள். பரிந்துரைக் கடிதத்தைப் பெரிய பெயர்களிடம் கேட்டு அலையாதீர்கள், உங்கள் வேலையைத் தினமும் பார்க்கிறவர் எழுதட்டும். குறைந்த மதிப்பெண்ணை ஒளிக்காதீர்கள், அதற்காக அழவும் வேண்டாம். மூன்று வரியில் காரணம், நான்காவது வரியில் உங்கள் வேலை அனுபவத்துக்கு வந்துவிடுங்கள். முக்கியமாக, கவர் எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லாதீர்கள்.

மார்ச்சில் காணொளியில் நேர்காணல். கேள்வி கேட்ட பேராசிரியை முதல் கேள்வியே ஒப்பந்தச் சட்டத்தில்தான் கேட்டார், ஏன் நாற்பத்தாறு என்று. ஒரு மாதம் முன்பென்றால் நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது என்ன பயம்? அந்த எண்ணைச் சபையே கேட்டு ஆமென் சொல்லியாகிவிட்டது. நிதானமாகப் பதில் சொன்னேன்.

ஏப்ரலில் இடம் கிடைத்த கடிதம் வந்தது. ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் செய்துவிட்டு அம்மாவைத் தேடினால், அம்மா புடவை மாற்றிப் புறப்பட்டு நிற்கிறார், கையில் கவர். அன்று வெள்ளிக்கிழமை.

"அம்மா, அது எனக்க லெட்டரா?" என்று கத்தினேன்.

அம்மா கவரைத் திறந்து காட்டினார். உள்ளே ஜெராக்ஸ்.

"ரெண்டு ரூவா குடுத்து எடுத்தேன் மக்கா. எனக்கும் இப்ப தெரியும்லா?"