பந்தல் காத்தமுத்துவும் பலூன் ஆபீஸும்

பூவத்துக் காத்தமுத்து என்று கேட்டால் காரைக்காலில் பாதிப் பேர் விழிப்பார்கள். பந்தல் காத்தமுத்து என்று கேட்டுப் பாருங்கள், எதிரே வருகிறவர் வண்டியை நிறுத்தி வழி சொல்வார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவரை விட்டது. அவரும் பள்ளிக்கூடத்தை விட்டார். அப்பன் சொத்து ஒரு சாண் நிலம் கிடையாது. சவுக்குக் கட்டை சுமந்த தோள்தான் முதல். அந்தத் தோளை வைத்தே இன்றைக்கு இரண்டு லாரியும் ஒரு கொட்டகை நிறையத் தகரமும் சொந்தமாக வைத்திருக்கிறார். எவன் தயவும் இல்லாமல் மேலே வந்த மனுஷன் கொஞ்சம் பெருமை பேசினால் என்ன குறைந்துபோய்விடும்? காத்தமுத்து கொஞ்சம் இல்லை, நிறையவே பேசுவார்.

"இஞ்சினீரு கட்டுன வீடு ஒழுவும், நான் போட்ட பந்தல் ஒழுவாது."

"வாய் மட்டும் இல்லன்னா ஒங்கள நாய் தூக்கிட்டுப் போயிடும்" என்பாள் மனைவி காசியம்மா.

ஆனால் பேச்சுக்குப் பின்னால் சரக்கும் இருந்தது. காத்தமுத்து தகரம் போடச் சொன்னால் மழை வரும், கீற்று போதும் என்றால் வெயில் அடிக்கும். திருநள்ளாறு, திருமலைராயன்பட்டினம் வரைக்கும் இது பேச்சு. எப்படித் தெரியும் என்று கேட்டால் மேலே கையைக் காட்டுவார். "எனக்கு அங்கேருந்து சேதி வரும்."

அது பொய்யும் இல்லை. வானிலை ஆபீஸில் காலையும் மாலையும் பெரிய வெள்ளை பலூன் ஒன்றை விடுவார்கள். அடியில் சின்னப் பெட்டி ஒன்று ஆடிக்கொண்டே போகும். அந்த இடத்துக்கு அவர் வைத்த பேரே பலூன் ஆபீஸ். வேலைக்குப் போகும் வழியில் எதிரே டீக்கடையில் நின்று, பலூன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். கடற்காற்று மேற்கே தள்ளினால் மழை, தகரம். கிழக்கே கடலைப் பார்த்துப் போனால் வெயில், கீற்று. யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானே போட்ட கணக்கு. வருஷக்கணக்காகப் பெரும்பாலும் பலித்தும் வந்தது. காசியம்மாவைத் தவிர வேறு யாருக்கும் இந்த ரகசியம் தெரியாது.

அந்தக் கார்த்திகையில் திருமலைராயன்பட்டினத்து சஃபியா வீட்டில் நிக்காஹ். சஃபியாவும் லேசுப்பட்ட பெண் இல்லை. கணவர் போன பிறகு தையல் மிஷினை மிதித்தே மகள் ஆரிபாவைப் படிக்கவைத்துக் கல்யாணம் வரைக்கும் கொண்டுவந்தவர். பலூன் மேற்கே போய்க்கொண்டிருந்ததால் வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் தகரப் பந்தலாகப் போட்டார் காத்தமுத்து. அதன் கீழேதான் ஊரே உட்கார்ந்து சாப்பிடப் போகிறது.

"இரும்புக் கோட்டை தங்கச்சி! ஒரு சொட்டு உள்ள விழுந்திச்சின்னா என் மீசைய எடுத்துக்கங்க."

"மீசைய வச்சி நான் என்னண்ணே பண்றது? பிரியாணியில போடவா?"

மறுநாள் கல்யாணம் என்கிற நிலையில் காலையில் சஃபியாவிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, ஹார்பர்ல மூணாம் நம்பர் கூண்டு ஏத்திட்டாங்களாம். ஒண்ணும் ஆவாதுல்ல?"

"கூண்ட ஏத்துவாங்க, எறக்குவாங்க. நீங்க மருதாணிய வைங்க" என்று போனை வைத்தார். ஆனால் கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். புயல் கூண்டு மழைக்காக மட்டும் ஏற்றுவதில்லை. மழைக்குத் தகரம் காவல். காற்றுக்குத் தகரம் கத்தி. ஒரே ஒரு தகரம் பிய்த்துக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கினால் போதும். பலூன் எந்தப் பக்கம் போகிறது என்று அவருக்குத் தெரியும். நாளைக்கு எவ்வளவு வேகத்தில் அடிக்கும்? அவர் கணக்கில் அதற்கு இடமே இல்லை.

"போயித்தான் கேளுங்களேன். ஒங்க பலூன் ஆபீஸ்ல வினோதா இருக்குல்ல" என்றாள் காசியம்மா.

"நான் போயிக் கேக்குறதா?"

"ஆமாம், அது வந்து ஒங்களக் கேக்குமா?"

வினோதா திருநள்ளாற்றுப் பக்கத்து விவசாயி வீட்டுப் பெண். அந்த ஆபீஸில் பலூன் விடுகிறவர்களில் ஒருத்தி. அவள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டதே காத்தமுத்துதான். இத்தனை வருஷமாக டீக்கடையிலிருந்து பார்த்த கேட்டுக்குள் அன்றைக்குத்தான் கால் வைத்தார்.

"வாங்க பெரியப்பா! என்ன இந்தப் பக்கம்?"

"மழை வருமான்னு கேக்க வரல பாப்பா. அது எனக்கே தெரியும். காத்து எப்படின்னு மட்டும் சொல்லு."

"மழை எப்படித் தெரியும்?"

வேறு வழியில்லை. பலூன் கணக்கைச் சொன்னார். வினோதா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப எங்க பலூன வச்சித்தான் எங்க கல்யாணத்துக்கே தகரம் போடணும்னு சொன்னீங்களா? நான் பச்சரிசி தின்னவ, எனக்கு மழை கொட்டும்னு வேற கிண்டல் பண்ணீங்க!"

பிறகு நாற்காலியைப் போட்டு உட்காரவைத்தாள். "அந்தப் பெட்டி மேல போகப் போக ஒவ்வொரு உயரத்துலயும் சூடு, ஈரம், காத்து எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே போவும் பெரியப்பா. ஆனா அது இப்ப இருக்கறதத்தான் சொல்லும். நாளைக்கி என்னன்னு எங்க ஒரு பலூன வச்சிச் சொல்ல முடியாது. நம்மள மாதிரி எத்தனையோ ஊர்லேருந்து விடறாங்க. கடல்ல மிதவை கெடக்கு, கப்பல்லேருந்து சொல்றாங்க, மேலேருந்து சாட்டிலைட் படம் எடுக்குது. வேற தேசத்துக்காரன் அளந்ததும் நமக்கு வருது, நாம அளந்தது அவனுக்குப் போவுது. எல்லாத்தையும் சேத்து பெரிய கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு, அதப் பாத்துத்தான் சென்னையில உக்காந்து எழுதறாங்க."

காத்தமுத்து சன்னல் வழியே வானத்தை அண்ணாந்து பார்த்தார். 

"அப்ப இதுவும் பந்தல்தான்னு சொல்லு. ஊரு ஊருக்கு ஒரு கால் ஊனி, மேல ஒரே கூரை."

"அப்படித்தான்."

"நம்ம காலு இல்லன்னா?"

"நம்ம பக்கம் கூரை தொங்கும் பெரியப்பா."

"பாத்தியா! காரைக்கால் இல்லன்னா எவனுக்கும் ஆவாது" என்றார். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஆனால் வினோதா அறிக்கையை வாசித்துக் காட்டியதும் நிமிர்ந்த நெஞ்சு அப்படியே நின்றது. நாளை காலையிலிருந்து கரையோரம் பலத்த தரைக்காற்று. இடையிடையே மணிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர் வரை. தன் முடிச்சு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று அவருக்குச் சொல்ல எந்த ஆபீஸும் வேண்டாம்.

திருமலைராயன்பட்டினத்துக்கு வந்ததும் ஆட்களைக் கூப்பிட்டு, "தகரத்த எறக்குங்கடா" என்றார். சஃபியா வாசலுக்கு ஓடிவந்தார்.

"என்னண்ணே இது? விடிஞ்சா கல்யாணம்! இரும்புக் கோட்டைன்னீங்க?"

"சொன்னேன் தங்கச்சி. இப்ப வேற சொல்றேன். காத்து வருது."

"வானம் சும்மாதானே கெடக்கு? வர்ற சம்பந்தி வீட்டாள எங்க உக்கார வைப்பேன்? யாரு சொன்னது ஒங்களுக்கு?"

வழக்கமாக அவர் கை மேலே போகும். அன்றைக்குப் போகவில்லை. "எனக்குத் தெரியல தங்கச்சி. தெரிஞ்சவங்ககிட்ட கேட்டேன். வானிலை ஆபீஸ்ல வேல பாக்குற நம்ம பொண்ணு சொல்லிச்சி."

காத்தமுத்து வாயிலிருந்து 'தெரியல' என்ற சொல் வந்து அந்தத் தெரு கேட்டதில்லை.  மருதாணிக் கையோடு சன்னலுக்கு வந்த ஆரிபாதான் முதலில் பேசினாள். "உம்மா, இவரே தெரியலங்கறாருன்னா விஷயம் பெரிசுதான். எறக்கச் சொல்லுங்க. தகரம் இல்லன்னா நிக்காஹ் செல்லாதா என்ன?"

பொழுது சாய்வதற்குள் தகரம் முழுக்க லாரியில் ஏறி, கயிறு போட்டு இறுக்கியாயிற்று. அதற்குப் பிறகு நடந்ததைக் காத்தமுத்து எதிர்பார்க்கவில்லை. தெருவில் எட்டு வீட்டுக்காரர்கள் கூடத்துச் சாமான்களை ஒதுக்கிப் பாய் விரித்தார்கள். எந்தச் சொந்தம் எந்த வீட்டில் என்று பிரித்தாகிவிட்டது.

மறுநாள் நிக்காஹ் முடிந்து, பெரிய தட்டில் நாலு பேர் சேர்ந்து உண்ணும் சஹன் பரிமாற ஆரம்பித்தபோது காற்று இறங்கியது. முருங்கை முறிந்தது. எந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மூடியோ பறந்துவந்து, முந்தின நாள் பந்தல் நின்ற இடத்தில் டமாரென்று விழுந்து உருண்டது. எட்டு வீட்டிலும் கை தட்டிலேயே நின்றது. பிறகு யாரோ "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள். மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்கள்.

மழை பேருக்கு நாலு தூறல் போட்டுவிட்டுப் போயிற்று.

"மழைன்னுதானே தகரம் போட்டீங்க? எங்கண்ணே மழை?" என்றார் சஃபியா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. சொல்லிக்கொண்டே இரண்டு ஆள் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் நிரப்பினார். "அந்தப் பொண்ணுக்குக் கொண்டுபோயிக் குடுங்க. அதுக்காக அல்லாகிட்ட துஆ கேக்குறேன்னு சொல்லுங்க."

சாயங்காலம் காத்தமுத்து போனபோது காற்று இன்னும் அடங்கவில்லை. வினோதாவும் இன்னொருவரும் பலூனைப் பிடித்துக்கொண்டு திறந்த வெளியில் நின்றார்கள்.

"உள்ள தீப்புடிக்கிற கேஸ் பெரியப்பா, கிட்ட வராதீங்க!"

அவர் கேட்டோரம் நின்றார். பலூன் அவர்களை இரண்டு தடவை இழுத்துக்கொண்டு ஓடியது. மூன்றாம் தடவை விட்டார்கள். பெட்டி வேலியில் உரசுகிறாற்போலப் போய், தப்பி மேலே ஏறியது. ஊரெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரத்தில், இந்தப் பெண் காற்றுக்குள் நின்றுதான் காற்றை அளக்க வேண்டியிருக்கிறது. டீக்கடையிலிருந்து பார்த்தபோது அவருக்கு இது தெரியவே இல்லை.

வினோதா மூச்சு வாங்கிக்கொண்டே வந்தாள். "பட்டினத்துல யாருக்கும் ஒண்ணும் இல்லியே?"

"ஒரு ஆளுக்கும் ஒரு கீறல் இல்ல. என் வயசுக்கு நான் யாரையும் கும்பிட்டதில்ல பாப்பா..." என்று ஆரம்பித்தவர், முடிக்கத் தெரியாமல் தூக்குச்சட்டியைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் குவித்தார்.

"ஐயோ பெரியப்பா, என்ன இது!"

"சும்மா இரு. இது ஒனக்கு மட்டும் இல்ல. மெட்ராஸ்ல எழுதுனவங்களுக்கு, கப்பல்ல பாத்தவங்களுக்கு, பேரு தெரியாத தேசத்துக்காரனுக்கு. அவங்கள நான் எங்க போயித் தேடுவேன்? நீதான் கிட்ட இருக்கே, வாங்கி வச்சிக்க."

"சரி, வாங்கிக்கிட்டேன். சாப்பாட்டத் தாங்க, பசிக்குது."