ஓட்டிப் பார்க்காமல் விற்பதில்லை

ஜாடியக்காவுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் மெனக்கெட்டதும் இல்லை. வண்டி உதிரிபாகக் கடைகள் தோளோடு தோள் இடித்து நிற்கும் தெரு அது. அங்கே கடை வாசலில் மேசை போட்டு, மேசைமேல் அளவு ஜாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் அவள் ஒருத்திதான்.

விற்பது, டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலை ஏற்றும் பம்ப். சாதாரணப் பம்ப் இல்லை. பிக்கப் வண்டிக்கு டர்போ மாட்டி, பந்தய மைதானத்தில் புழுதி கிளப்புகிற இளவட்டங்களுக்கான பெரிய பம்ப். இன்ஜினுக்குப் பலம் கூடினால் பசியும் கூடும். வண்டியோடு வரும் கம்பெனி பம்ப் அந்தப் பசிக்கு ஈடுகொடுக்காது. போன சீசனில் ஜெயித்த வண்டிகளில் எல்லாம் பெரிய பம்ப் இருந்தது என்று யாரோ சொல்லப்போக, ஊருக்கே பம்ப் பைத்தியம் பிடித்துவிட்டது. தக்காளி ஏற்றுகிறவன்கூட வந்து நின்றான்.

"ஏன்டா, உன் தக்காளிக்கு என்ன அவசரம்? கம்பெனி பம்பே போதும், போ" என்று விரட்டிவிட்டாள்.

அவளும் ஆரம்பத்தில் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருந்ததை நம்பித்தான் விற்றாள். ஒருநாள் ஒரு டிரைவர் வந்து, நடுவில் ஓட்டை விழுந்த பிஸ்டன் ஒன்றை அவள் முன்னால் வைத்தான். வண்டி முழு வேகத்தில் போகும்போது பம்ப் கைவிட்டிருக்கிறது. பெட்ரோல் பத்தாமல் சூடேறி, பிஸ்டன் உருகியே போய்விட்டது. பெட்டியில் பொய்யை அச்சடித்தவன்மேல் அன்றைக்கு ஏறிய கோபம் அவளுக்கு இன்றுவரை இறங்கவில்லை.

அந்தக் கோபத்தில் செய்ததுதான் மேசை. அடியில் ஒரு தொட்டி, அதில் சட்டென்று தீப்பிடிக்காத சோதனை எண்ணெய், ஒரு பேட்டரி, அழுத்தம் காட்டும் மீட்டர், குழாயை நெருக்க ஒரு வால்வு, கடைசியில் எவ்வளவு கொட்டுகிறது என்று அளக்க ஜாடி. வால்வு திறந்திருந்தால் எந்தப் பம்பும் கொட்டோ கொட்டென்று கொட்டும். வால்வைத் திருகி, இன்ஜினில் இருக்கும் அழுத்தத்தைக் கொடுத்தால் வண்டவாளம் தெரிந்துவிடும். "சும்மா ஓடுறப்ப எல்லாரும் சூரப்புலிதான். நெருக்கிப் பாக்கணும்" என்பாள். வாங்குகிறவன் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் பணத்தைத் தொடுவாள்.

"நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னாடி என்னை இந்த மேசையில ஏத்திப் பாக்கல" என்பார் சாப்பாடு கொண்டுவரும் அவள் கணவர். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். அவளும்தான்.

அவளுக்கும் அந்தத் தெருவுக்கும் சேர்த்துச் சரக்கு போடுகிறவன் அவள் தம்பி. அவன் நிறுத்தினால் வேறு மொத்த வியாபாரி கிடையாது, கடையை இழுத்து மூட வேண்டியதுதான். அந்தத் தம்பி ஒரு சனிக்கிழமை, கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில், வேனிலிருந்து புதுப் பெட்டிகளை இறக்கினான்.

"அக்கா, இந்தச் சரக்கை மட்டும் மேசையில ஏத்தாத."

"ஏன்?"

"கேக்குறவங்க அவ்வளவு பேரு இருக்காங்க. கிடைச்சதைக் கொண்டு வந்திருக்கேன். தெருவுல எல்லாரும் வாயை மூடிட்டு விக்கிறாங்க. நீயும் வித்துட்டுப் போயேன்."

"அப்படின்னா இது தேறாதுன்னு உனக்கே தெரியும்."

"அம்மா போனப்புறம் உனக்குன்னு இருக்குறது நான் ஒருத்தன்தான். எனக்காக இதைச் செய்யமாட்டியா?"

தம்பி என்றால் அவளுக்கு உயிர். அந்த நேரம் பார்த்து ஒரு பிக்கப்காரன் எட்டிப் பார்த்து, "அக்கா, புதுசு வந்திருக்கு போல. அதுல ஒண்ணு குடுங்க" என்றான்.

அவள் தம்பியைப் பார்த்துக்கொண்டே ஒரு பெட்டியைப் பிரித்தாள். பம்பை மாட்டினாள். எண்ணெய் பாய்ந்தது. வால்வைத் திருகினாள். மீட்டர் முள் ஏற ஏற, பாய்ந்துகொண்டிருந்தது நூலாக இளைத்து, சொட்டத் தொடங்கியது. பக்கத்துக் கடைக்காரர்கள்கூட வந்து பார்த்தார்கள்.

"தெருவுல வெச்சு என் மானத்தை வாங்கிட்டியே!"

"நான் வால்வைத்தான்டா திருகினேன்."

தம்பி புதுப் பெட்டிகளை மட்டுமில்லை, அலமாரியில் இருந்த தன் பழைய, நல்ல சரக்கையும் வாரி வேனில் போட்டான். "இனிமே உனக்கு ஒரு ஸ்க்ரூகூட வராது. எப்படிக் கடை நடத்துறேன்னு பாக்குறேன்."

"பாரு. பக்கத்துல வந்து நின்னு நல்லாப் பாரு."

அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. "நாமளே போய் ஒரு வார்த்தை பேசிப் பாப்போமா?" என்று கணவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"என்னன்னு பேசுறது? பிஸ்டன் உருகினா உருகட்டும்னா?"

தம்பியை நினைத்து அவள் அழுதாள். ஆனால் தான் செய்ததை நினைத்து ஒரு சொட்டுக்கூட அழவில்லை.

திங்கட்கிழமை காலி அலமாரிகளோடு கடையைத் திறந்தாள். வாசலில் தன் கையால் எழுதிய பலகை ஒன்று தொங்கியது: "பம்ப் எங்கே வாங்கியிருந்தாலும் இங்கே ஓட்டிப் பார்த்துத் தரப்படும்."

"விக்க ஒண்ணுமில்லாத கடைக்கு போர்டு ஒரு கேடா?" என்று எதிர்க்கடைக்காரர் சத்தமாகச் சிரித்தார்.

மதியத்துக்குள் அவர் சிரிப்பு அடங்கிவிட்டது. அவரிடம் வாங்கிய ஒருவன் பெட்டியோடு இங்கே வந்தான், பார்த்தான், அதே பெட்டியோடு அவரிடமே திரும்பிப் போனான். அவனைப் பார்த்து அடுத்தவன் வந்தான். சாயங்காலம் வாசலில் பிக்கப்கள் வரிசை கட்டி நின்றன. தெருக் கடைகள் எல்லாம் தம்பிக்குப் போன் போட்டன. தம்பி அவளுக்குப் போட்டான்.

"அக்கா, போர்டைக் கழட்டு. எல்லாரும் சரக்கைத் திருப்பி அனுப்புறாங்க."

"அனுப்பட்டும்."

"கூடப்பொறந்தவனைத் தெருவுல நிறுத்துறியே, நீயெல்லாம் ஒரு அக்காவா?"

"என் வாசல்லதான்டா நிறுத்துறேன், வா. நல்ல பம்பை எடுத்துட்டு வந்து உன் கையாலயே மேசையில வை. தேறினா முதல் ஆளா நான் வாங்குறேன். தேறலைன்னா, நீ எனக்குத் தம்பியா இருந்தாலும் சரி, பெத்த அப்பனாவே இருந்தாலும் சரி, வால்வைத் திருகத்தான் செய்வேன்."

தம்பி போனை வைக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று அவள் போனை ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வரிசையில் நின்றவனிடம் கையை நீட்டினாள்.

"ம், அடுத்த பெட்டியைக் குடு."