மகாராணிக்கு ஒரு சத்தியம்

ஸ்காபரோவின் டோனட் கடையில் எனக்கு எதிரே டாக்சிக்கார அன்வர், கோட்டும் டையுமாக. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளையனுக்குத் தலைவணங்க மறுத்து நாடு நாடாகத் துரத்தப்பட்ட ஓர் இஸ்லாமியச் சீர்திருத்தச் சிந்தனையாளரின் வாழ்க்கையைப் பல வருடங்களாக எழுதிக்கொண்டிருக்கிறார். காலையில்தான் கனடியக் குடியுரிமைச் சத்தியம் எடுத்தாராம்.

"யாருக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம்?"

"மகாராணிக்கு. அவவின்ரை வாரிசுகளுக்கும் சேர்த்து."

எனக்குக் காப்பி புரையேறுகிறது.

"அப்போ புத்தகம் அவ்வளவுதானா?"

விழாவில் கொடுத்த காகிதக் கொடியை, கையெழுத்துப் பிரதியில் எழுதாமல் விட்ட பக்கத்தில் அடையாளமாகச் செருகுகிறார்.

"ஏன் அண்ணை? வெள்ளைக்காரனைக் கிழிக்கிற அத்தியாயத்தை எழுதப் பயந்துகொண்டிருந்தனான். இனி என்ன எழுதினாலும் என்னை ஒருத்தரும் திருப்பி அனுப்பேலாது."