கராச்சி ஒன்றும் தூரமில்லை

கொடுமுடிப் பள்ளிக்கூடத்தில் இருந்த வகுப்புகளையெல்லாம் நான் முடித்துவிட்டேன். மேலே படிக்க வேண்டுமென்றால் கோயமுத்தூர் ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். நான் போவேன் என்றேன். அத்தை கூடாது என்றாள். அப்பாவுக்கு அவள் ஒரே தங்கை. அவள் கூடாது என்றால் எங்கள் வீட்டில் மழைகூட யோசித்துத்தான் பெய்யும்.

அத்தை சொன்ன காரணம்தான் எனக்குப் பிடிபடவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தணிந்த குரலில், "ஏனுங்ணா, இன்னிக்கோ நாளைக்கோ புள்ள ஊட்டுக்குத் தூரமாயிருவா. அப்பறம் அங்க ஆரு பாக்கறது?" என்றாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அத்தோடு என் படிப்பு முடிந்தது என்று அர்த்தம்.

வீட்டுக்குத் தூரமாம்! காலையில் ரயிலேறினால் மத்தியானச் சோறு கோயமுத்தூரில். இதைச் சொல்ல இத்தனை ரகசியமா? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

அந்த வாரம் அம்மாவின் தம்பி, என் மாமா, வந்திருந்தார். கோயமுத்தூர் மில்லில் வேலை. பத்திரிகை பார்க்காமல் காபி குடிக்க மாட்டார். கராச்சிக்கும் சென்னைக்கும் தபால் விமானம் விட்டிருக்கிறார்களாம். ஆயிரம் மைலுக்கு மேல். இன்று காலை கராச்சியில் கிளம்பினால், இரவு பம்பாயில் தங்கி, நாளைப் பொழுது சாய்வதற்குள் சென்னை. மாமா சொல்லச் சொல்ல என் மூளை வேலை செய்தது. அவர் பத்திரிகையில் இருந்த தேசப்படத்தின் மேல் பூத்தொடுக்கும் நூலை வைத்து அளந்தேன். கராச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு சாண். எங்கள் ஊரிலிருந்து கோயமுத்தூருக்கு ஒரு நெல்மணி நீளம்.

மத்தியானம் அப்பாவும் மாமாவும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அத்தை பரிமாறினாள். நூலை விரித்துப் பிடித்தபடி அவர்கள் முன்னால் போய் நின்றேன்.

"அப்பா, பாருங்க. கராச்சியே ரெண்டு நாளுங்க. கோயமுத்தூரு ஒரு நெல்லு நீளந்தானுங்க. நான் எப்பிடிங்க ஊட்டுக்குத் தூரமாவேன்? எத்தன வருசமானாலும் ஆவமாட்டேனுங்க. அப்பிடியே ஆனாலும் ஏரோப்ளேன்ல வந்துபோட்றனுங்க!"

அத்தையின் கரண்டி ரசத்துக்குள் விழுந்தது. மாமாவுக்குப் புரையேறியது. அப்பா இலையைப் பார்த்தார், மோட்டுவளையைப் பார்த்தார், என்னை மட்டும் பார்க்கவில்லை.

"ஏனுங்ப்பா, கணக்குத் தப்புங்களா?" என்று நான் விடவில்லை.

"கணக்குச் செரிதான் கண்ணு," என்றார் அவசரமாக. "நீ கோயமுத்தூருக்கே போயிப் படி. இனி இந்தப் பேச்சே வேண்டாம்."

அத்தை ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்தையையே ஜெயித்துவிட்டேன்! தலைகால் புரியவில்லை எனக்கு. சாயங்காலம் ஆற்றில் துணி துவைத்த பெண்களிடமெல்லாம், "நான் ஊட்டுக்குத் தூரமாவவே மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வெற்றியில் ஊருக்கே சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹாஸ்டலில் சேர்ந்த மறுவருஷம் ஒரு காலை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். ஆயா தனிப் பாயும் தனித் தட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

"பயப்படாத அம்மணி. பொண்ணாப் பொறந்தா எல்லாருக்கும் வர்றதுதான். மூணு நாளைக்கு நீ ஊட்டுக்குத் தூரம்."

அழுகை அப்படியே சிரிப்பாக மாறியது. ஆயா பயந்தே போனாள். அப்பா அன்று மோட்டுவளையில் எதைத் தேடினார் என்று அப்போதுதான் விளங்கியது. நான் ஜெயித்தது கணக்கால் அல்ல. என்னிடம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்லும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. போகட்டும், ஜெயித்தது ஜெயித்ததுதான். நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு, வகுப்பில் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.