விசிட்டிங் கார்டு மறைத்த வரி

டெல்பின் மகாலிந்தால் என்பவன் மருந்துக் கம்பெனி ஆள். மாதம் ஒருமுறை படகேறி, பிலிப்பைன்ஸின் சிபுயான் தீவில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவான். அரிசிக் கேக் பொட்டலத்தை என்னிடம் நீட்டி, "நர்ஸக்கா, டாக்டரம்மா இன்னைக்கு எப்படி? கடிப்பாங்களா?" என்பான். நானும் சிரித்துத் தொலைப்பேன்.

டாக்டரம்மா ஒபுலென்சியாவுக்கு இணையமும் கிடையாது, புது மருந்துப் புத்தகமும் கிடையாது. புது மருந்து பற்றித் தெரிந்ததெல்லாம் டெல்பின் சொன்னதுதான். எட்டு வருஷத்தில் அவன் பேச்சு அவர் வாயில் ஏறிவிட்டது. இருமல் மருந்து எழுதும்போது, "பயப்படாதீங்க, குழந்தை நல்லாத் தூங்கும்" என்பார். அவனைப் போலவே 'நல்லா'வை இழுப்பார். அவன் தீவிலேயே இல்லாத நாளிலும் டாக்டரம்மாவின் நாற்காலியில் அவன் உட்கார்ந்து பேசுவது போலிருக்கும்.

போன ஆகஸ்டில், பிறந்த வீட்டுக்கு வந்திருந்த அவன் மனைவி மரிவிக், பதினான்கு மாதக் குழந்தையை இருமலோடு தூக்கி வந்தாள். அதே மருந்து, அதே இழுப்பு. முதல் ஸ்பூனை நான்தான் ஊட்டினேன். குழந்தை அவள் மடியிலேயே தூங்கிவிட்டது.

படகிலிருந்து நேராக வந்த டெல்பின் மேசையிலிருந்த பாட்டிலைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டு வயசுக்குக் கீழ குடுக்கக் கூடாது டாக்டர்! மூச்சு அடங்கிடும்!"

"யார் சொன்னா? நீ ஒருநாளும் சொல்லலையே!"

அவன் அலமாரியிலிருந்து மருந்து விளக்கத் தாளை உருவினான். வழக்கம்போல் அதன் கடைசி வரிகள் மேல் தன் விசிட்டிங் கார்டை ஸ்டேப்ளர் அடித்து வைத்திருந்தான். கார்டைப் பிய்த்தான். அந்த எச்சரிக்கை கார்டுக்கு அடியில் மறைந்திருந்தது. எட்டு வருஷமாக எல்லாத் தாளிலும் அப்படித்தான். பாவி, தெரிந்தே செய்திருக்கிறான்.

குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. டாக்டரம்மா ஆக்சிஜன் வைத்தார். டெல்பின் அதன் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி, "எழுந்திருடா, அப்பா வந்திருக்கேன்டா" என்று கதறினான். நாற்பது நிமிஷம் கழித்துத்தான் அது வீறிட்டது.

அழுகை கேட்டு, வெளியே வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். பெர்லா மட்டும் தட்டவில்லை. ஜூனில் கைக்குழந்தையைத் தூக்கத்திலேயே பறிகொடுத்தவள் அவள். எல்லாவற்றையும் சன்னல் வழியே பார்த்திருந்தவள் கதவருகே வந்து நின்று, பாட்டிலைக் காட்டி, கோபமே இல்லாத குரலில் டெல்பினைக் கேட்டாள்:

"எம் பொண்ணுக்கும் இதே மருந்துதாண்ணே குடுத்தேன். கால்ல சுண்டியிருந்தா அவளும் எழுந்திருப்பாளா?"